ஃபேமிலி ஹால்

என் மனைவியின் பேரில் ஒரு பொய்யைப் பல வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். "வீட்ல கொஞ்சம் கூச்ச சுபாவம்ணே, வெளியாளுங்களோட உக்காந்து சாப்பிட மாட்டா." என் பழைய ரூம்காரர்களிடம் சொன்னது இது. ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போய்ச் சாப்பிடலாமா என்று அவர்களில் யாராவது கேட்டால் இந்த வாக்கியம் தயாராக வந்துவிடும். அவளுக்கு அப்படி ஒரு கூச்சம் எந்நாளும் இருந்ததில்லை.

வளைகுடாவில் இருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து தனியாக இருக்கும் ஆம்பளை எவரும் இங்கே பேச்சிலர்தான், பேரன் பேத்தி எடுத்தவரானாலும். துபாய் கராமாவிலோ ஷார்ஜா ரோலாவிலோ நம்மூர் ஹோட்டல் பலவற்றில் கீழ்த்தளம் அவர்களுக்கு. மேசைகள் நெருக்கமாகக் கிடக்கும், முன்பின் தெரியாதவர் எதிரே வந்து உட்கார்வார், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். மாடிப்படி ஏறினால் ஃபேமிலி ஹால். அங்கே தடுப்புகள் இருக்கும், சில கடைகளில் திரைச்சீலை. சர்வர் நின்று நிதானமாக ஆர்டர் எடுப்பார். அமீரகத்தில் இது கடைக்காரர்கள் வைத்துக்கொண்ட பழக்கம். சவூதியில் 2019 டிசம்பர் வரைக்கும் விதியே அதுதான்: குடும்பங்களுக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு வேறொரு வாசல்.

அந்த மாடிக்கு ஏற வருமானம் வேண்டும். அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்குமிடம் என்று 2019-இல் வரையறுத்தார்கள். சவூதியில் 2017 ஜூலையிலிருந்து கூட இருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று ஆனது. வருஷத்துக்கு நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ரியாலில் வந்து நின்றது. கட்ட முடியாதவர்கள் குடும்பத்தை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஜுபைலில் இருந்த என் பள்ளித் தோழனும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அனுப்பிவைத்தான். அதே வாரம் வழக்கமான கடைக்குச் சாப்பிடப் போனபோது, கால் தானாகக் குடும்ப வாசலுக்குப் போய்விட்டதாம். கதவில் கை வைத்த பிறகு உறைத்ததாம். திரும்பி வந்து சிங்கிள்ஸ் பக்கம் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை என்று போனில் சொல்லி அழுதான். அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, முதுகுளத்தூர் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ரூமில் ஆட்களை ஊர்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் 2006-இல் வந்து இறங்கியது சத்வாவில் ஒரு பழைய வில்லா, அதில் ஒரு பெட் ஸ்பேஸ், அடுக்குக் கட்டிலின் மேல் கட்டில். மெடிக்கல், விசா ஸ்டாம்பிங், லேபர் கார்டு என்று இழுத்து, முதல் சம்பளம் கையில் விழ இரண்டு மாதம் நெருங்கிவிட்டது. ஏஜெண்டுக்குக் கட்டியது வட்டிப் பணம். ரூமில் மெஸ் போட்டிருந்தார்கள். முறை வைத்துச் சமையல், மாதக் கடைசியில் அரிசி, கோழி, காய், கேஸ் எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். நோட்டில் என் பங்கைத் தன் பேரில் எழுதச் சொன்னவர் முதுகுளத்தூர் அண்ணன். ஏசி டக்ட் வேலை அவருக்கு. கிளாஸ் வுல் தூள் அரித்து முழங்கை வரை சிவந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்னைச் சத்வா ரவி ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப்போவார். 1978-லிருந்து நடக்கிற பாகிஸ்தானிக் கடை அது. 2022-இல் அடிடாஸ் அந்தக் கடையின் பேரில் ஒரு ஷூவே போட்டது. அன்றைக்கு எங்களுக்கு அது நடைபாதை மேசையும், சுடச்சுட வருகிற ரொட்டியும், பருப்பும், ஒரு பிளேட் மட்டனும்தான். நான் சோறு கிடைக்குமா என்று பார்ப்பேன். "இங்க வந்து சோத்தத் தேடாத தம்பி. சூடு இருக்கும்போதே பிச்சுப் பருப்புல நல்லா முக்கு, ஆறுச்சுன்னா ரப்பராட்டம் இழுக்கும்" என்பார். மட்டன் துண்டுகளை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, தான் குழம்பை மட்டும் தொட்டுக்கொள்வார். கேட்டால் பல்வலி. அந்தப் பல்வலியை நான் நம்பினேன். என் சம்பளம் வந்த பிறகு, அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எலும்பைக் கடித்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

2008-இல் துபாய் முனிசிபாலிட்டி ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று கெடுபிடி செய்ததில் எங்கள் ரூம் கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். அண்ணன் சோனாப்பூர் லேபர் கேம்புக்குப் போனார். எனக்குக் கணக்குப் பிரிவில் பதவி உயர்ந்தது, 2011-இல் குடும்ப விசா கிடைத்தது. கராமாவில் ஒரு படுக்கையறை வீடு.

வந்த முதல் மாதமே என் மனைவி கேட்டாள்: "உங்க ரூம்காரங்கள ஒரு நாள் கூப்பிடுங்க, எல்லாரும் சேந்து சாப்பிடப் போலாம்." அவள் அப்பா மஸ்கட்டில் ரூவியில் ரூம் போட்டுக் காலம் தள்ளியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோகும் அப்பா. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அவரைத் தங்களோடு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனதையும், அங்கே என்ன சாப்பிட்டார் என்பதையும் அவர் கடிதத்தில் எழுதுவாராம். அந்தக் குடும்பத்தைப் பார்க்காமலேயே அவர்கள் மேல் பிரியம் வைத்திருந்தவள் அவள். அவளிடம் நான் சொன்னது, "அவங்களுக்கு லீவே கிடைக்கிறதில்ல." அவர்களிடம் சொன்னது, "வீட்ல கூச்சம்." இரண்டு பக்கமும் நம்பினார்கள்.

ஏன் சொன்னேன்? காசு காரணமில்லை, நாலு பேருக்குப் பில் கொடுப்பது அப்போது எனக்குப் பெரிதில்லை. எனக்கு ஆபீஸ் ஆட்களோடு புதிதாகப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. வாரக் கடைசியில் அவர்களும் அதே கராமா ஹோட்டல்களின் மாடிக்குத்தான் வருவார்கள். அண்ணன் எங்கள் மேசையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். சட்டையில் கம்பெனிப் பேர் தைத்திருக்கும். சத்தமாகப் பேசுவார். என் தட்டில் அவர் கையாலேயே எடுத்து வைப்பார். "தம்பி வந்த புதுசுல" என்று ஆரம்பித்து மேல் கட்டிலையும் மெஸ் பாக்கியையும் சொல்லிவிடுவார். என்னைச் சாப்பிட வைத்த அந்தக் கையை நினைத்து நான் கூசினேன். கூச்ச சுபாவம் என்று அவள் மேல் ஏற்றிய அந்தக் குணம் முழுக்க என்னுடையது.

பிறகு 2013 தீபாவளி. சரவண பவன் இந்தியாவுக்கு வெளியே முதல் கிளையை 2000-இல் திறந்தது துபாயில்தான். பின்னாலேயே நம்மூர்க் கடைகள் வரிசையாக வந்து, தீபாவளி ராத்திரி என்றால் கராமாவில் எந்தக் கடை வாசலிலும் கூட்டம் நடைபாதைக்கு வந்துவிடும். மேனேஜர் குடும்பத்தோடு நாங்கள் ஒரு கடைக்குப் போனோம். கேஷ் கவுண்டர் அருகே பார்சலுக்கு டோக்கனை வைத்துக்கொண்டு அண்ணன் நின்றார். சோனாப்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்க வேண்டும், கேம்பில் இருப்பவர்களுக்கும் சேர்த்து வாங்க. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓர் எட்டு முன்னால் வைத்தார். நான் இடது தோளில் இருந்த மகனை வலது தோளுக்கு மாற்றினேன். குழந்தையின் உடம்பு என் முகத்தை மறைக்க வேண்டும் என்பதற்காக மாற்றினேன். "ஃபேமிலி மேல சார்" என்றார் கடைப் பையன். ஏறிப் போய்விட்டேன்.

மேலே என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லை. பில்லை மேசைக்கே கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கிறது. கீழே கவுண்டருக்குப் போகத் தைரியம் வரவில்லை.

அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த அண்ணனின் போன் நின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வாழ்த்து வரும், அதில் ஒரு குறை இருக்காது. நானும் பதில் அனுப்புவேன். கேம்புக்கு ஒரு தடவை போயிருக்கலாம்; கராமாவிலிருந்து காரில் அரை மணி நேரம். 2020-இல் கொரோனா வந்து ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மாடியும் கீழ்த்தளமும் ஒன்றாக இருட்டிக் கிடந்தன. அண்ணன் கம்பெனி ஆட்களின் விசாவைக் கேன்சல் செய்தது. வந்தே பாரத் விமானத்தில் அவர் சென்னை போய்ச் சேர்ந்த பிறகு, பழைய ரூம்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தவரை வழியனுப்ப ஒரு வேளைச் சாப்பாடு நான் வாங்கித் தரவில்லை.

போன வருஷம் என் மாமனார் தவறிப்போனார். துக்கத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அந்த மஸ்கட் குடும்பத்தார் தள்ளாத வயதில் கார் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி அழுததைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் குழந்தையை மாற்றியது வரை. அவள் என்னோடு சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து அண்ணன் நம்பரைக் கேட்டு வாங்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன். உங்கள வர வேணாம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லண்ணே."

"தெரியும்மா" என்றார். அவள் போனை என்னிடம் கொடுத்தாள். அன்றைக்கு உங்களைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன் என்றேன். "அதும் தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு, மிளகாய் போட்டிருப்பதையும் மழை ஏமாற்றிவிட்டதையும் பேச ஆரம்பித்தார். பழைய பேச்சுக்குள் என்னைத் திரும்ப வரவிடவில்லை.

அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. சத்வா ரூமில் இருந்த மற்ற நான்கு பேரிடமும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் குவைத்தில், இருவர் ஊரில், ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. இது அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன்: அவள் உங்களைக் கூப்பிடத்தான் சொன்னாள். கூப்பிடாதது நான்.