கம்பியில்லா வலையும் கதவுத் தாழும்

வீடு என்பது செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆனதன்று. உள்ளே வருவார் யார், வாயிலில் நிற்பார் யார் என்னும் வரையறையாலும் ஆனது. பிறர் இல்லத்துள் ஸலாம் உரைத்து, இசைவு பெற்ற பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும் என்பது இஸ்லாம் கற்பித்த ஒழுக்கம். சுவரை ஊடுருவிச் செல்லும் இணைய அலை வீட்டிற்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில் அவ்வொழுக்கத்தை எவ்வாறு காப்பது? இவ்வினாவை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் கல்லூரி வாயில்கள் அடைபட்டபோது, வகுப்பறை மடிக்கணினிக்குள் குடிபுகுந்தது. எங்கள் இல்லத்திலும் ரௌட்டர் என்னும் கருவி வந்து சேர்ந்தது. அதனைப் பொருத்த வந்த இளைஞர் சிறிது நேரத்தில் பணியை முடித்து, "சார், நெட் வந்துவிட்டது" என்று கூறி விடைபெற்றார். கதவை மாட்டினாரே அன்றித் தாழ்ப்பாளைக் காட்டினாரில்லை. ஆகவே, அதனை யானே கற்கலானேன்.

வை-ஃபை என்பது வானொலி அலையே. பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் அது இயங்குகிறது. முன்னது சுவரைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆயினும் சுவரில் தளரும். எனவே ரௌட்டரை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வைத்தல் நலம். வெளிச்சுவரின் ஓரத்தில் வைப்பின், நம் அறைக்குக் கிட்டாத அலை தெருவிற்குக் கிட்டும்.

இதற்குரிய தர வரையறை 1997 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதனோடு வந்த டபிள்யூ.ஈ.பி. என்னும் பூட்டு வலுவற்றது என்பதை 2001 இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். 2003 இல் டபிள்யூ.பி.ஏ., 2004 இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018 இல் டபிள்யூ.பி.ஏ. 3 என அடுத்தடுத்துப் பூட்டுகள் தோன்றின. ரௌட்டரில் பின்னவை இரண்டனுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும், பழையவற்றைத் தொடலாகாது.

இதனைச் செய்யும் முறை எளிது. ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் 192.168.1.1 போன்றதோர் முகவரி இருக்கும். மடிக்கணினியின் உலாவியில் அதனை இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். இங்கே கடவுச்சொற்கள் இரண்டு என்பதை மறத்தலாகாது. ஒன்று, வலையில் இணைவதற்கு உரியது. மற்றொன்று, ரௌட்டரையே ஆள்வதற்கு உரியது. முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதைத் தொழிற்சாலை இட்டபடியே விடுதல், வாயிலைப் பூட்டிச் சாவியை நிலைப்படியில் வைத்தலை ஒக்கும். டபிள்யூ.பி.ஏ. 2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை அமையலாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும். பிறர் ஊகத்திற்கும் எட்டாது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா.

எண்ணை இட்டு எளிதில் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியை அணைத்தல் நன்று. அதன் 8 இலக்க எண்ணை இரு பகுதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், ஏறத்தாழ 11,000 முயற்சிகளுக்குள் அதனைக் கண்டறியலாம் என்பது 2011 இல் வெளிப்பட்டது.

இவற்றையெல்லாம் செய்து முடித்த சில நாள்களில், அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். "தம்பி, பேத்திக்கு நாளை இணையவழித் தேர்வு. உங்கள் வை-ஃபை கிடைக்குமா?" என்றார். அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். மறுக்க மனம் இடம் தரவில்லை. ஆனால் என் மடிக்கணினியில் மாணவர்தம் அகமதிப்பீட்டு மதிப்பெண்களும் தொலைபேசி எண்களும் இருந்தன. அவை என் உடைமை அல்ல. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஈதலா, காத்தலா என உள்ளம் ஊசலாடியது.

விடை ரௌட்டரிலேயே இருந்தது. விருந்தினர் வலை என்னும் வசதியால் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட மற்றொரு வலையை அமைக்கலாம். அதில் இணைவோர்க்கு இணையம் கிடைக்கும். பெரும்பாலான ரௌட்டர்களில், வீட்டுக் கணினிகள் அவர்க்கு எட்டா. நம் முன்னோர் வழிப்போக்கர்க்குத் திண்ணை அமைத்து, உள்வீட்டிற்குத் தாழிட்டது போன்றதே இது. "மாமா, உங்களுக்குத் திண்ணையைத் திறந்துவிட்டேன்" என்றேன். "திண்ணை போதும் தம்பி, தேர்வு எழுதத்தானே!" என்று நகைத்தார். பேத்தி தேர்வை எழுதி முடித்தாள்.

தாழிடுதல் கருமித்தனம் அன்று என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்றுமுன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் வாழ்ந்த வெளிநாட்டவர் ஒருவரின் இணைய முகவரியிலிருந்து சென்றதாகக் காவல்துறை கண்டது. அவருடைய வை-ஃபை பூட்டப்படாதிருந்தது. யாரோ எழுதிய கொடுஞ்சொற்களுக்காக அவர் விசாரணைக்கு ஆளானார். அயலான் செய்த குற்றத்தின் சுவடு நம் வாயிலில் வந்து முடியுமாயின், நாம் அறியோம் என்று கூறும் சொல்லை உலகம் உடனே ஏற்பதில்லை. ஐயத்தின் பார்வை ஒரு குடும்பத்தின் மீது விழுந்தால் அஃது எத்துணைச் சுமை என்பதை நம் பெரியோர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே! இவ்வமைப்பிற்கு அரைமணி நேரம் போதும். உங்கள் இல்லத்தில் செய்து முடித்தபின், உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியோர் இல்லத்திலும் இசைவு பெற்றுச் செய்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே எழுதச் செய்து, அவர்களிடமே விட்டு வாருங்கள். கற்ற கல்வி பிறர்க்குக் காவலாகப் பயன்படும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!