முதல் பீஸ்

காலையில ஆறேகால் வாக்குல ஆவடி ஸ்டேஷன்ல நின்னிருக்கீங்களா பாஸ்? டீ கப்பும் டிபன் பாக்ஸுமா லோக்கலுக்குக் காத்திருக்கிற மொத்தக் கூட்டமும் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பும். சென்ட்ரலிலிருந்து மைசூர் போற வந்தே பாரத்! நிற்காது. 'விஷ்ஷ்'னு ஒரு காத்து, அவ்வளவுதான். முகத்துல விழுந்த முடியை ஒதுக்கறதுக்குள்ள வண்டி இந்து காலேஜைத் தாண்டியிருக்கும்.

''நம்ம ஏரியாப் பையன் போறான் பாரு'' என்பார் அப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவர். வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப்-ல் பிறந்த வண்டி என்பதால் அவருக்கு அதன் மேல் ஒரு சொந்தக்காரப் பாசம்.

அந்த வாரம் எனக்குப் பாசம், நேசம் எதுவும் வரவில்லை. காரணம், எங்க டீமின் மினி ப்ராஜெக்ட். தண்டவாளத்தில் விரிசல் இருந்தால் கண்டுபிடிக்கும் குட்டி வண்டி. முதல் ரிவ்யூவில் பிளைவுட் மேல் போட்ட தண்டவாளத்தில் ரெண்டடி ஓடியது. முதல் வளைவிலேயே குப்புற விழுந்தது. மோட்டார் டிரைவர் போர்டிலிருந்து புகை வேற! ''ஏம்ப்பா கவிழ்ந்தது?'' என்று சார் கேட்டார். நாலு பேரும் சீலிங் ஃபேனைப் பார்த்தோம்.

''விடு மச்சான். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா. ரிப்போர்ட்டோட ரெடிமேடா தர்றாங்க'' என்றான் நண்பன். ஆளுக்கு எவ்வளவு என்று மனசு வகுத்துப் பார்த்துவிட்டது. 'சனிக்கிழமை சொல்றேன்' என்றேன்.

அந்தச் சனிக்கிழமைதான் இந்தப் பயணம். ஆவடியில் லோக்கல் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். ஏழாவது ஸ்டேஷனில் இறங்கி, நியூ ஆவடி ரோட்டில் இருக்கிற ரயில் மியூசியத்துக்குப் போனோம். 2002-ல் திறந்தது. குழந்தைகளுக்கு டாய் டிரெயின், நமக்கு மரத்தடியில் நிற்கும் பழைய இன்ஜின்கள்.

ஐ.சி.எஃப்-ஐ 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து கம்பெனியின் டிசைனில் பெட்டி கட்டக் கத்துக்கிட்ட இடம். 2018-ல் அங்கிருந்து வந்ததுதான் 'டிரெயின் 18'. தனியா இன்ஜினே கிடையாது. 16 பெட்டிகளில் பாதிப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார். வழக்கமா மூணு, நாலு வருஷம் இழுக்கிற வேலையைப் பதினெட்டே மாசத்தில் முடித்தார்கள். அப்போது ஜெனரல் மேனேஜர் சுதான்ஷு மணி. அந்த டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்டா பக்கம் நடந்த சோதனையில் மணிக்கு 180 கி.மீ. தொட்டது!

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 2019 பிப்ரவரி 15-ல் டெல்லியில் கொடியசைத்து அனுப்பிய வண்டி, வாரணாசியிலிருந்து திரும்பும்போது மறுநாளே துண்ட்லா பக்கம் படுத்துவிட்டது. மாடு மோதியிருக்கலாம் என்றது ரயில்வே. ஊரே கிண்டல் அடித்தது. ஆனால் அதற்கடுத்த நாள், 17-ம் தேதி, பயணிகளோடு வண்டி கிளம்பிவிட்டது. 2022-ல் புது வெர்ஷன் வந்தபோது எடை 430 டன்னிலிருந்து 392 டன்னாக இறங்கியிருந்தது. அவசர ஜன்னல்கள் கூடியிருந்தன. வெள்ளத் தண்ணீர் புகாத ஏற்பாடும் சேர்ந்திருந்தது. முதல் ரெண்டு வண்டிகள் ஓடிக் கத்துக்கிட்ட பாடம்!

மரத்தடியில் உட்கார்ந்து மொபைலில் நோண்டினால், இதே மாதிரி ஒரு கதை பிரிட்டனில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கரன்ட் கம்பி இல்லாத பாதைகளில் வேகமா போக என்ன வழி? வளைவில் சாய்ந்து ஓடும் ஹைடெக் ரயில் ஒன்றை ஒரு கோஷ்டி உருவாக்கிக்கொண்டிருந்தது. அது வரும்வரை சமாளிக்க, தெரிஞ்ச டெக்னாலஜியை வைத்தே ஒரு டீசல் ரயிலைக் கட்டியது இன்னொரு கோஷ்டி. 1970 ஆகஸ்டில் அனுமதி, 1972 ஜூனில் வண்டி ரெடி! முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ஆளுக்கு 2,250 குதிரைசக்தி. டீசல் இன்ஜின் நேரடியா சக்கரத்தைச் சுற்றாது. கரன்ட் தயாரிக்கும், அந்தக் கரன்ட்டில் மோட்டார் சுற்றும். நம்ம ஐ.சி.எஃப். கட்டிய 'டெமு' ரயில்களிலும் இதே தத்துவம்தான்.

ஆனால், அந்த ப்ரோட்டோடைப் முதலில் சும்மா நின்றது. டிரைவருக்கு நடுவில் ஒத்தை சீட், சின்னக் கண்ணாடி. ஒரே ஆள் ஓட்டுவதா என்று யூனியன் தகராறு. ஒருவழியா தீர்ந்து, 1973 ஜூன் 12-ல் மணிக்கு 230 கி.மீ.! டீசலில் அப்போது அதுதான் உலக சாதனை. அடுத்து செய்த வண்டிகளில் அகலக் கண்ணாடி, ரெண்டு சீட். அந்த மூஞ்சியை டிசைன் பண்ணியவர் கென்னத் கிரேஞ்ச்.

காமெடி என்னன்னா, ஹைடெக் ரயில் சொதப்பியது. தற்காலிகமா செய்த டீசல் ரயிலோ 1976-லிருந்து 2019 வரை லண்டன் பாடிங்டனிலிருந்து ஓடியது. முதல் ப்ரோட்டோடைப்பின் ரெண்டு பவர் காரில் ஒன்றை உடைத்துப் போட்டார்கள். இன்னொன்றை மியூசியத்திலிருந்து எடுத்து, ரயில் பைத்தியங்கள் சிலர் சம்பளமில்லாமல் ரிப்பேர் பார்த்து மறுபடி ஓட வைத்தார்கள்.

''மச்சான், இங்க வா!'' நண்பன் ஒரு பழைய சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். தடவிப் பார்த்தேன். ரயில் சக்கரம் தட்டையா இல்லை! உள்பக்கம் பெருசு, வெளிப்பக்கம் சிறுசு. இருபதுக்கு ஒண்ணு என்கிற சரிவு. ரெண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கிப் பிணைத்தவை. வண்டி ஒருபக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் உருளும். அதுவே வண்டியை நடுவுக்குத் தள்ளிவிடும். தாண்டிப் போகாமல் தடுக்க ஓரத்தில் ஒரு விளிம்பும் உண்டு.

எங்க வண்டியில்? பொம்மைக் கார் சக்கரம். தட்டை. விளிம்பு கிடையாது. நாலுக்கும் தனித்தனி மோட்டார். கவிழாமல் என்ன செய்யும்!

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ரெடிமேட் விஷயத்தையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று பார்த்தால், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

''முதல் பீஸ் எதுக்குடா ஓட்டறோம்?''

''கஸ்டமருக்கு அனுப்ப...''

''இல்ல. அளக்க! முதல் பீஸ் வந்ததும் மெஷினை நிறுத்திடுவோம். மைக்ரோமீட்டர் போட்டு ஒவ்வொரு சைஸா பார்ப்போம். தப்புன்னா சிவப்பு பெயின்ட் அடிச்சு தனியா வெச்சிட்டு, ஆஃப்செட் மாத்திட்டு ரெண்டாவது பீஸ். கடையில வாங்குன பீஸுல என்னத்த அளப்ப?''

ஐ.சி.எஃப்-ல் 2025 ஜூலையில் அடுத்த முதல் பீஸையும் சோதித்துவிட்டார்கள். ஹைட்ரஜனில் ஓடும் பெட்டி! அதுவும் எங்கேயாவது படுக்கும், நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நண்பனுக்கு போன் போட்டு, ''வேணாம்டா'' என்றேன். கருகிய போர்டுக்கு சிவப்பு நெயில் பாலிஷ் அடித்து ஷெல்ஃபில் வைத்திருக்கிறோம். பட்டரவாக்கத்தில் ஒரு லேத் பட்டறை அண்ணன், சரிவும் விளிம்பும் வைத்து நாலு சக்கரம் கடைந்து தந்தார். முந்நூறு ரூபாய், ஒரு டீ.

ரெண்டாவது ரிவ்யூ அடுத்த மாசம். வண்டி ஓடுமா? தெரியாது பாஸ். ஆனால், 'ஏம்ப்பா கவிழ்ந்தது?' என்று சார் கேட்டால், இந்தத் தடவை சீலிங் ஃபேனைப் பார்க்க வேண்டியதில்லை!