கோடு எங்கே விழுகிறது?

சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படித்த நாட்களில் என்னை மிரட்டியது, ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்தான். தமிழ் வழியில் படித்தவன் என்பதால் ஆங்கிலப் புத்தகம்தான் கஷ்டப்படுத்தும் என்று நினைத்திருந்தேன். அது போகப்போகப் பழகிவிட்டது. /26, /27 என்று சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கண்டால்தான் மனம் சோர்ந்துபோகும்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் ஐபி (ஐபிவி4) முகவரி 32 பிட் கொண்டது. எட்டெட்டாகப் பிரித்து நடுவே புள்ளி வைத்து எழுதுவது நம் வசதிக்காக. ரூட்டருக்கு அந்தப் புள்ளி தெரியாது. முகவரியின் முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும். பின்பகுதி அதற்குள் எந்தக் கருவி என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதைச் சொல்வதே சப்நெட் மாஸ்க்.

இது எனக்குப் பிடிபட்டது பின்கோடு வழியாகத்தான். என் ஊர் திண்டிவனம், 604001. பயிற்சி வகுப்பு நடந்த விழுப்புரம் 605602. முதல் மூன்று இலக்கங்களை வைத்துத்தான் தபாலைப் பிரிக்கிறார்கள். கடைசி மூன்றும் அஞ்சலகத்தைக் குறிக்கும். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம், ஆனால் 604 வேறு, 605 வேறு. யூனியன் பிரதேசமான புதுச்சேரியோ 605001, விழுப்புரத்தோடு சேர்ந்துவிடுகிறது. வரைபடத்து எல்லை ஒன்று, முகவரியின் எல்லை இன்னொன்று.

அதே கண்ணோடு 192.168.10.60, 192.168.10.70 என்ற இரண்டு முகவரிகளைப் பார்த்தேன். மாஸ்க் /26 என்றால் முதல் 26 பிட்டும் நெட்வொர்க்குக்கு, அதாவது கடைசி எட்டு பிட்டில் முதல் இரண்டும் நெட்வொர்க்குக்குச் சேரும். 60 என்பது 00111100. 70 என்பது 01000110. முதலாவது 00, மற்றது 01. பத்தே எண் தள்ளியிருந்தும் இவை ஒன்றோடொன்று பேச ரூட்டர் வேண்டும். 70-க்கும் 120-க்கும் அது வேண்டாம். இரண்டும் 64 முதல் 127 வரையுள்ள ஒரே நெட்வொர்க். அதில் முதல் எண் நெட்வொர்க்குக்கு, கடைசி எண் எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கு. மிச்சம் 62 கருவிகளுக்கு.

முன்பெல்லாம் கோடு புள்ளியில்தான் விழும். 'சி' என்ற நெட்வொர்க் வகுப்பில் 254 கருவிகள், அது போதாதென்றால் 'பி' வகுப்பில் 65,534. இடைப்பட்ட அளவு கேட்டவர்களுக்குப் பெரியதைக் கொடுத்து முகவரிகள் வீணாயின. அதனால்தான் 1993-இல் கோட்டை எந்த பிட்டிலும் போடலாம் என்ற சிஐடிஆர் முறை வந்தது. அப்படியும் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது.

இந்தக் காரணம் தெரிந்தபின் சாய்கோட்டு எண் ஒரு சூத்திரமாகத் தெரியவில்லை. இருப்பதைப் பகிர்ந்துகொள்ள மனிதர்கள் கண்டுபிடித்த வழியாகத் தெரிந்தது. பயமும் அத்தோடு போனது.

இப்போது தேர்வெழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அட்டவணையை மனப்பாடம் செய்யும் முன் முகவரியைப் பிட் பிட்டாகத் தாளில் எழுதிக் கோடு போட்டுப் பாருங்கள். கை பழகினால் தேர்வுக்கு வேண்டிய வேகம் தானாக வரும். நாளை 128 பிட் கொண்ட ஐபிவி6 எதிரே வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்: நெட்வொர்க் எதுவரை, கருவி எதிலிருந்து?