கட்டிகள் எல்லாம் புற்று அல்ல

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பாகூரிலுள்ள எங்கள் இல்லத்தில் மூன்று வாரம் ஒருவரும் நிம்மதியாய் உறங்கவில்லை. அண்ணிக்கு மேல்வயிற்றில் வலி. பித்தப்பையில் கல்லோ என்று ஸ்கேன் எடுத்ததில் கல் இல்லை. கல்லீரலில் 4 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாக எழுதியிருந்தது.

கட்டி என்ற சொல்லை நாங்கள் புற்று என்றே படித்தோம். அண்ணன் நிலப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். உறவினர் ஒருவர் கட்டியைக் கரைக்கும் சூரணம் ஒன்றைச் சொன்னார். அண்ணியோ ஒன்றும் பேசாமல் பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

முடிவில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்றோம். "முன்பு காமாலை வந்ததுண்டா அம்மா? கருத்தடை மாத்திரை உட்கொண்டதுண்டா? எடை குறைந்ததா?" என்று மருத்துவர் பொறுமையாய் வினவினார். ஈரல் அழற்சிக் கிருமிகள் உண்டா என்று இரத்தத்தைச் சோதித்தனர். பின்பு நரம்பில் மருந்து செலுத்தி, சி.டி. ஸ்கேன் எடுத்தனர். மருந்து கட்டியின் ஓரத்தில் முதலில் புகுந்து, மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பியது. அதுவே அடையாளமாம்.

"இது ஹெமாஞ்சியோமா, இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் முடிச்சு. கல்லீரலின் தீங்கற்ற கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. புற்றாக மாறாது" என்றார்.

"சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா, ஐயா?" என்றார் அண்ணன்.

"படமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊசியால் குத்தினால் இரத்தம் கசியக்கூடும். பெரிதாகித் தொல்லை தந்தாலன்றி அறுவையும் வேண்டாம்."

வலிக்குக் காரணம் இரைப்பைப் புண். அதற்கே மாத்திரை தந்தார்.

ஆயினும் கட்டிகள் யாவும் ஒன்றல்ல என்பதையும் அன்று அறிந்தோம். அடினோமா என்னும் கட்டி கருத்தடை மாத்திரையோடு தொடர்புடையது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சுருங்கும். பெண்களுக்கு அது 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் பெரும்பாலும் அகற்றுவர். ஆண்களுக்கு வந்தால், புற்றாகும் அபாயம் மிகுதியாதலின், அளவு பாராமல் அகற்றச் சொல்வர். ஈரல் சுருக்கமோ பி வகை ஈரல் அழற்சியோ உள்ளவர்கள் எந்தக் கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது.

அன்று மாலை பத்திரம் பெட்டிக்குத் திரும்பியது. எங்களை அந்த மூன்று வாரமும் வாட்டியது கட்டியன்று, எங்கள் ஊகமே. அன்பர்களே, அறிக்கையில் ஒரு சொல் கண்டு கலங்காதீர்கள், சூரணத்தையும் நாடாதீர்கள். அது எந்தக் கட்டி என்று முதலில் கேட்டறியுங்கள்.