பின்னங்கால் இழுக்கும் குட்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு

பயந்த நாயைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையைத்தான் நீட்டுவார்கள். முன்னால் குந்தியிருந்து, கண்ணை நேரே பார்த்து, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோவார்கள். குட்டி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காது பின்னுக்குப் படியும், நாக்கு மூக்கை நக்கும், வால் வயிற்றுக்குள் போய்விடும். "பாவம், அன்பு காணாத சீவன்" என்று இன்னும் கிட்டப் போவார்கள். நாக்கால் மூக்கை நக்குவதும் ஆள் பார்க்க முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விடுவதும் "தள்ளிப் போ" என்று நாய் சொல்கிற மரியாதையான பேச்சு. அதைக் கேட்காவிட்டால் அடுத்த பேச்சு பல்லால்தான்.

பயந்த, அடிபட்ட நாய்களைப் பராமரிக்கும் வேலையை எனக்குப் பழக்கியவர் கால்நடை வைத்தியப் பகுதியில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் நாயை அவிழ்த்துவிட்டுத்தான் சனம் போனது. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால், தப்பிக் கிடந்தவை ஆளைக் கண்டு பற்றைக்குள் ஓடுகிறவையாக மாறியிருந்தன. ஐயா ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒரே வேப்பமரத்தடியில், ஒரே சாக்கில், பக்கவாட்டாகத் திரும்பி இருப்பாராம். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாராம். "கையை நீட்டாத பிள்ளை. அது வரட்டும். வந்தாலும் நீ பேசாமல் இரு" என்பார். நான் பழகிய பாடங்களில் பெரியது அதுதான். அன்பு காட்டுவது பிறகு. நீங்கள் எப்போது வருவீர்கள், எந்தப் பக்கத்தால் வருவீர்கள், என்ன செய்வீர்கள் என்று நாய்க்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

என்னிடம் வந்து சேர்ந்த பொன்னி பொமேரியன் கலப்பு, சின்ன உடம்பு. வளர்த்த குடும்பம் வெளிநாடு போய்விட்டது. கொடிகாமப் பக்கம் ஏ9 வீதியில் வாகனம் தட்டி முதுகெலும்பில் அடி. பின்னங்கால் இரண்டும் இழுத்துத்தான் வந்தது. இப்படிப்பட்ட நாய்க்கு மூத்திரம் தானாகப் போகாது. போனாலும் நிறைந்து வழிகிற சொட்டுத்தான், மூத்திரப் பை வெறுமையாகாது. அது தேங்கினால் தொற்று, தொற்று முற்றினால் சிறுநீரகம். அதனால் இந்த வேலையில் முதல் பழக வேண்டியது பையைக் கையால் அமர்த்தி மூத்திரம் எடுப்பது.

மிருக வைத்தியர் உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். எழுத்தில் வாசித்துச் செய்யக் கூடாது. ஆனாலும் கைக்கு எது தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். பின்னங்காலுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில், நிறைந்த பை பழுத்த தேசிக்காய் மாதிரி உருளும். இரு உள்ளங்கைகளாலும் இரு பக்கமும் அணைத்து, வால் பக்கமாக மெல்ல, விடாமல் அமர்த்த வேண்டும். விரல் நுனியால் குத்தினால் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும், பிறகு ஒன்றும் வராது. முதலில் சொட்டும், பிறகு கோடாக ஓடும். உள்ளங்கைக்குள் பை தளர்ந்து காணாமல் போகும்போது நிறுத்தலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம், அதே நேரங்களில். கலங்கலாக, மணமாக, இரத்தம் கலந்து வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். பை கல்லாக இருந்து ஒரு சொட்டும் வராவிட்டால் அன்றைக்கே, அப்போதே போக வேண்டும். பலத்தைக் கூட்டி அமர்த்தினால் பை வெடித்துவிடும்.

பொன்னி ஆளைப் பழகியது இந்த அமர்த்தலில்தான். ஒவ்வொரு தரமும் முதலில் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு "இருப்பம்" என்பேன். அதே சொல், அதே கை. பிறகு அந்தச் சொல் கேட்டால் தானாகவே சாய்ந்து படுக்கத் தொடங்கியது. மடியில் வைத்துக் கொஞ்சியிருந்தால் இந்த நம்பிக்கை வந்திருக்காது.

அடுத்தது தோல். நம்முடைய செம்மண்ணும் சீமெந்துத் தரையும் இழுபடுகிற காலைத் தேய்த்துவிடும். தடித்த மெத்தைக்கு மேல் பழைய பருத்திச் சேலை விரித்து, சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். சேலை ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். மாரியில் ஈ மொய்த்த புண் ஒரு நாளிலேயே புழுப் பிடிக்கும். காலையில் வாலடி, தொடையிடுக்கு, விரலிடுக்கு, காது மடல் என்று வெளிச்சத்தில் விலக்கிப் பார்க்கப் பழகுங்கள். விரலிடுக்கில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். முரசு வெளிறினால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகியுங்கள்.

சாப்பாட்டில் நம் ஊர் ஆபத்து வெங்காயம். மீந்த குழம்பைப் பிசைந்து கொடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலில் விழுந்த நாய்க்கு அது இரட்டை அடி. சோறு, அவித்து முள் எடுத்த சூடை மீன், கொஞ்சம் பூசணி போதும். அவித்த கோழி எலும்பு வேண்டாம். வலிக்கிறதே என்று பனடோலோ இபுபுரோஃபனோ கொடுக்க வேண்டாம். சொறிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நாய் அதை நக்கும், விழுங்கும், தோலும் வெந்துபோகும். அப்படிப் பூசியதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பின்னங்காலுக்குப் பதிலாக உடம்பைத் தாங்கும் சில்லு வண்டிலை நாமே செய்யலாம். அரை அங்குல பிவிசி குழாய், முழங்கை இணைப்பு, பழைய விளையாட்டுச் சில்லு இருந்தால் போதும். அளவுதான் முக்கியம்: நாயை நேராகத் தாங்கிப் பிடித்து, தரையிலிருந்து தொடையிடுக்குவரை அளக்க வேண்டும். முதுகு சமமாக இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் பாரம் முன்னங்காலுக்குப் போய் இரண்டு நாளில் தோள் நோகத் தொடங்கும். ஆரம்பத்தில் சில நிமிடம் போதும். வண்டிலில் பூட்டியபடி தனியே விட்டுப் போகக் கூடாது.

புது வீட்டுக்குப் போன பயந்த நாய் முதல் கிழமையில்தான் தொலையும். கழுத்துப் பட்டியைத் தலை வழியே கழற்றிவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்துவிடும். கால் இழுத்தாலும் நுழையும், நம்ப முடியாத வேகம் வரும். மார்புப் பட்டியும் கழுத்துப் பட்டியும் சேர்த்து இரண்டு கயிறு போடுங்கள். தீபாவளிக்கும் திருவிழா வெடிக்கும் முன்னால், பொழுதுபட முதல் மூத்திரம் எடுத்து, நடு அறையில் வானொலியைப் போட்டு வைத்திருங்கள். உறவுக்காரர் எல்லோரும் வந்து பார்க்கிற நாள் முதல் கிழமையில் வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசியை ஒரு வருசமும் தவறவிடாதீர்கள். சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராக இலவசமாகவும் போடுகிறார்கள். பயத்தில் நாய் கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தடையும் கட்டாயம். 2006இல் தெருநாயைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்த பிறகு, வீதியில் பெருகுவதைக் குறைக்க நமக்கு வேறு நேர்மையான வழி இல்லை. கலாநிதி ஆறு திருமுருகனின் சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் கட்டாக்காலி நாய்களுக்கென்றே சரணாலயம் வைத்திருக்கிறது. எல்லா நாயும் அங்கேயே இருந்துவிட முடியாது. வீடுகள் தேவை.

என்னிடம் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றைத்தான் கட்டாயமாகக் கேட்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், கொழும்புக்குப் போக நேர்ந்தால், அமர்த்தி எடுக்கத் தெரிந்த இன்னொரு கை வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேருமாகப் பழகிய பிறகு குட்டியைக் கொண்டுபோகலாம்.