உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க

விருந்தாளிகளிடம் நாம் சொல்லும் பொய்களிலேயே அழகானது, ‘உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க’ என்பதுதான். ஹைதராபாத்தில் எனக்கு வாடகைக்கு வீடு விட்டவரும் சாவியைக் கொடுக்கும்போது இதைத்தான் சொன்னார். அடுத்த வரியே, ‘சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க’.

இதே ஊரில் ஒரு மனிதருக்கு அந்த உபசார வார்த்தை நிஜமாகவே பலித்துவிட்டது. ஹைடெக் சிட்டி ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருக்கும் ஐ.டி. கூட்டத்துக்கு ஃபலக்னுமா என்பது ஒரு ரயிலின் பெயர்ப்பலகை. பழைய நகரத்தின் தெற்கில், குன்றின் மேல் இருக்கும் அரண்மனையிலிருந்து வந்த பெயர் அது. ‘வானத்தின் கண்ணாடி’ என்று பொருள் சொல்வார்கள்.

பலரும் நினைப்பதுபோல அதைக் கட்டியவர் நிஜாம் அல்ல, விகார்-உல்-உம்ரா. நிஜாமுக்கு அடுத்த படியில், சொந்த ஜாகீரும் சொந்தப் படையும் வைத்திருந்த பாய்கா பிரபுக்களில் ஒருவர். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் சகோதரியை மணந்தவர், பின்னாளில் சமஸ்தானத்தின் பிரதம மந்திரி. 1884இல் அஸ்திவாரம் போட்டார். கட்டி, அலங்கரித்து முடிக்க ஏறத்தாழ பத்து வருஷம்.

கட்டடத்தின் வடிவம் தேள். அவர் பிறந்தது விருச்சிக ராசி என்பதால் அப்படி என்கிறார்கள். எனக்கு ராசியைவிட அந்த வரைபடம் சுவாரஸ்யம். தேளின் முன்பக்கம் முழுக்க இத்தாலியப் பளிங்கும் வரவேற்புக் கூடங்களும். சமையலறையும் பெண்கள் வாழும் பகுதியும் பின்னால், வால் பக்கம். எங்கள் பாஷையில் சொன்னால், செலவெல்லாம் ஃபிரண்ட் எண்டுக்குப் போயிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மேசையில் 101 பேர் உட்காரலாம். எந்தக் குடும்பம் தினமும் அதில் சாப்பிடும்? ஆக, இது முதல் நாளிலிருந்தே விருந்தாளிக்காகக் கட்டப்பட்ட வீடு.

செலவு அவரைக் கடனில் தள்ளியது. பிறகு நடந்ததை ஹைதராபாத்தில் கதையாகச் சொல்வார்கள். மனைவி கொடுத்த யோசனையில் நிஜாமை விருந்துக்கு அழைத்தார். வந்தவர் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. ரொம்பப் பிடித்துப்போனது. ‘இது தங்களுடையது’ என்றார் மைத்துனர். நிஜாம் எடுத்துக்கொண்டார், பதிலுக்குப் பணமும் கொடுத்தார். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1890களின் பிற்பகுதியில் அரண்மனை கைமாறியது மட்டும் உறுதி.

அந்த அரசவையில் ‘நஜர்’ என்றொரு வழக்கம் உண்டு. பிரபு ஒரு பொற்காசை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். மன்னர் அதைத் தொட்டுவிட்டுத் திருப்பித் தருவது பெரிய மனசு. எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க முடியாது. ஃபலக்னுமாவை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: திரும்பி வராத ஒரு நஜர். விகாருக்குக் கௌரவமும் மிஞ்சியது, கடன் பாரமும் குறைந்தது. வீடுதான் போயிற்று. அதிகாரத்தில் இருப்பவரிடம் ‘உங்க வீடு மாதிரி’ என்று சொல்வதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

புது உரிமையாளரும் அதைப் பெரும்பாலும் விருந்தினர் மாளிகையாகவே வைத்துக்கொண்டார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1906இல் இங்கே தங்கினார். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1951இல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் வந்ததோடு பெரிய விருந்தாளிகளின் வரிசை முடிந்தது. உபசரிக்க ஒரு ராஜ்ஜியம் இல்லாதபோது விருந்தினர் மாளிகைக்கு என்ன வேலை? பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது.

கடைசி நிஜாமின் பேரன் முகர்ரம் ஜாவின் முதல் மனைவி எஸ்ரா முன்னின்று நடத்திய, ஏறத்தாழ பத்து வருஷச் சீரமைப்புக்குப் பிறகு, 2010இல் தாஜ் ஹோட்டலாகத் திறந்தது. 2017இல் இவாங்கா டிரம்புக்குப் பிரதமர் மோடி விருந்து கொடுத்தது அதே 101 பேர் மேசையில்தான். மற்ற நாட்களில் காசு கட்டியவர்கள் ஓர் இரவு ‘நிஜாம் மாதிரி’ இருந்துவிட்டுப் போகலாம். விகார் மாதிரி இருக்க யாரும் கேட்பதில்லை. ஆனால் கூரையிலும் சுவரிலும் நாற்காலிகளிலும் அவர் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்துகள், ‘வி.ஓ.’, இன்னமும் இருக்கின்றன. விருந்தாளி வீட்டை எடுத்துக்கொண்டார், எழுத்தைச் சுரண்ட மெனக்கெடவில்லை.

விகார் பிறகு பேகம்பேட்டில் இன்னொரு மாளிகை கட்டினார். பாய்கா பேலஸ். அதுவும் வேறொருவரின் வாசலானது: 2008 முதல் 2023 வரை அமெரிக்கத் துணைத் தூதரகம். என் தலைமுறை எஞ்சினியர்கள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உபசாரமாக எதுவும் சொல்ல மாட்டார். எத்தனை நாள் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று நேராகவே கேட்பார். தன் வீட்டை இழக்க விரும்பாதவர் கேட்க வேண்டிய கேள்வி அது. அதை விகார்-உல்-உம்ராவால் தன் மைத்துனரிடம் கேட்க முடிந்திருக்காது.