கருக்களாச்சேரியில் ஒரு லேசர்!

காரைக்கால் டவுனைத் தாண்டி கடற்கரைப் பக்கம் பைக்கை விட்டால், கருவாட்டு வாசம் வரவேற்கும். அதான் கருக்களாச்சேரி. மீனவர் ஊர். அங்கே என் கிளாஸ்மேட் வீட்டு ரூமில் வலை, மிதவைக்கு நடுவே ஒரு 40 வாட் லேசர் கட்டர்! படகில் பேரும் நம்பரும் எழுத ஸ்டென்சில் வெட்டறானாம்.

கண்ணுக்கே தெரியாத கதிர், 3 மி.மீ. பிளைவுட்டை அப்பளம் மாதிரி அறுக்குது. இந்த கார்பன்-டை-ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்த குமார் படேல். நம்மாளு பாஸ்!

"எனக்கொரு நேம் போர்டு மச்சி" என்று வெள்ளை ஷீட்டை நீட்டினேன். வெடுக்கெனப் பிடுங்கினான். "பி.வி.சி.டா! சூடுபட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். அக்ரிலிக் கொண்டா."

பையன் பட்டுத் தேறியவன். முதல் மாசம் தண்ணி பம்ப்பை போட மறந்ததில், சூடேறி லேசர் டியூப் விரிசல். அப்பா கடலுக்குப் போய் சேர்த்த காசு. அவர் திட்டலையாம். "இன்ஜினைப் பாக்காம படகைத் தள்ளுவோமா?" என்று மட்டும் கேட்டாராம்.

இப்போ சுவரில் சாக்பீஸ் எழுத்து: தண்ணி, புகைக்குழாய், மூடி, தீயணைப்பான். மெஷின் ஓடும்போது இடத்தை விட்டு நகர மாட்டான். மதியக் கடல்காத்து புகையை உள்ளே தள்ளுவதால், விடியக்காலையில்தான் வேலை.

கிளம்பும்போது பார்த்தேன். அப்பா ஸ்டென்சிலைப் படகில் அழுத்திப் பிடிக்க, மகன் பெயின்ட் அடிக்கிறான். டியூப் காசு கொஞ்சம் கொஞ்சமா கரையேறுது!